ஓலைச்சுவடியா, அச்சுப் புத்தகமா?

ஓலையில் எழுத்தாணியால் கீறி, எழுத்து தெரிய மை தடவி, துளையில் கயிறு கோத்துக் கட்டி வைத்தாலும் செல்லரிக்கும். சில தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து முழுவதையும் மறுபடி எழுதியாக வேண்டும். ஆகவே அடுத்த தலைமுறைக்கு எது போய்ச் சேரும் என்பதைப் படியெடுப்பவர்தான் தீர்மானித்தார். பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதியதால், பாட்டைப் பாடம் கேட்ட ஆசிரியர் பக்கத்தில் இல்லாவிட்டால் படிப்பதே கஷ்டம். கவனிப்பாரில்லாத ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட கொடுமையும் நடந்தது.

அச்சு வேறு மாதிரி. 1578-லேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சாகிவிட்டது, ஆனால் 1835-ல் அச்சகங்களைக் கட்டுப்படுத்திய சட்டம் தளர்ந்த பிறகுதான் நம்மவர்கள் தாராளமாக அச்சகம் வைத்தார்கள். உ.வே.சா. பல சுவடிகளை ஒப்பிட்டு 1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்த பிறகு, சென்னையில் இருப்பவரும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாதாடலாம், யார் அனுமதியும் வேண்டாம். சரி, எதை அச்சடிப்பது என்பதைக் காசும் செல்வாக்கும் முடிவு செய்தன, மறுக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு அச்சுக்குத்தான். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறு ஊர்களில் பிரதி தேட முடிந்தது. சாம்பலான அரிய சுவடிகளுக்கு அது முடியவில்லை.