கிரிஸ்டல் வயலட் பயோஃபிலிம் கிட்: தாவரச் சாறுகளுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

கதீட்டரிலும் செயற்கை மூட்டிலும் ஒட்டிக்கொள்ளும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் பாக்டீரியா படலமாக (பயோஃபிலிம்) படிவதை எந்தத் தாவரச் சாறு தடுக்கும் என்று முதற்கட்டமாகச் சலித்தெடுக்க, 96 குழித் தட்டுடன் வரும் இந்த வகைக் கிட் நல்ல தேர்வு. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

செய்முறை எளிது. 1% குளுக்கோஸ் சேர்த்த டிஎஸ்பி ஊடகம் (பாக்டீரியா வளர்க்கும் திரவம்) குழிக்கு 200 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் 24 மணி நேரம். பிறகு கழுவி, உலர்த்தி, 0.1% கிரிஸ்டல் வயலட் சாயத்தில் 15 நிமிடம். மறுபடி கழுவி, 30% அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, 590 நானோமீட்டர் அருகே ஒளி உறிஞ்சலை அளக்கலாம். சொதப்புவது கழுவும்போதுதான். பிப்பெட்டால் பீய்ச்சினால் படலமே பிய்ந்து போகும். பிறகு சாறு வேலை செய்ததா, நம் கை வேலை செய்ததா என்று தெரியாது. தட்டைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் மெதுவாக அமிழ்த்தி எடுங்கள். ஓரக் குழிகள் சீக்கிரம் வற்றும் என்பதால் அவற்றில் வெறும் தண்ணீர் விடுவது நல்லது.

சாறு என்று வந்தால் தொல்லை வேறு. கடுக்காய், மாதுளைத் தோல் போன்றவற்றின் டானின்கள் (துவர்ப்புப் பொருள்கள்) ஊடகத்தின் புரதத்தோடு சேர்ந்து அடியில் படிந்து, சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். பாக்டீரியா இல்லாத குழியிலும் ஊதா நிறம் தெரியும். அதனால் ஒவ்வொரு செறிவுக்கும் பாக்டீரியா இல்லாத குழி ஒன்றைச் சாயமேற்றும் படி வரை கொண்டுபோக வேண்டும். ஓம எண்ணெயில் உள்ள தைமால் வேறு ரகம்: ஆவியாகிப் பக்கத்துக் குழிக்குப் போய்விடும், மூடியை மட்டும் நம்பாமல் ஒட்டுப்படலம் போடுங்கள். சாற்றைக் கரைக்க டிஎம்எஸ்ஓ கரைப்பான் என்றால் இறுதி அளவு 1%ஐத் தாண்டக் கூடாது. அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள குழியும் தேவை.

வளர்ச்சியையே நிறுத்தும் செறிவில் படலம் குறைந்தால் அது தனிச் செய்தியே இல்லை. எம்ஐசிக்கு, அதாவது வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவுக்கு, கீழே பாருங்கள். கிரிஸ்டல் வயலட் செத்த செல்லையும் பிடிக்கும். உயிருள்ள செல் நிறம் மாற்றும் சாயத்தைக் கொண்ட எக்ஸ்டிடி சோதனையைத் துணைக்குச் சேர்க்கலாம் என்றால், ஆன்டிஆக்ஸிடன்ட் மிகுந்த சாறு செல்லே இல்லாமலும் எக்ஸ்டிடி சாயத்தின் நிறத்தை மாற்றிவிடும். சோனிகேட்டரில் (மீயொலி அதிர்வுக் கருவி) படலத்தைப் பிரித்துக் காலனி எண்ணுவதே நம்பகமானது.

தட்டு பாலிஸ்டைரீன், கதீட்டரோ பெரும்பாலும் சிலிக்கோனோ பாலியூரித்தேனோ. கருவிக்குப் பூச்சாகும் என்று சொல்ல நினைப்பவர்கள் அதே கதீட்டரின் 1 செ.மீ. துண்டைப் பிளாஸ்மாவில் ஊறவைத்து, 24 மணி நேரம் முதிர்ந்த படலத்தின் மீது சாற்றை விட்டும் பார்க்க வேண்டும். அந்தத் துண்டு 96 குழித் தட்டின் குழியில் கிடையாக அடங்காது. 24 குழித் தட்டைத் தனியாக வாங்குங்கள்.