கப்பலில் இருக்கும்போதே அடுத்த கப்பல்: அங்கேயே கையெழுத்தா, வீட்டுக்கு வந்து யோசிப்பதா?

ஒரு வார க்ரூஸில், அதாவது கப்பல் சுற்றுலாவில், ஐந்தாவது நாள். கரை தொடாத நாள். பிள்ளைகள் நீச்சல் குளத்தில். வைஃபைக்குப் பணம் கட்டாததால் ஆபீஸ் மெயில் தொல்லை இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது, வெயிலும் இதமாக இருக்கிறது. சரியாக அந்த நேரத்தில்தான் அடுத்த பயணத்தைப் பதிவு செய்யும் மேசை கண்ணில் படும். 'இன்று மட்டும்' என்று பலகை வைத்திருப்பார்கள், முன்னால் ஒரு வரிசையும் நிற்கும்.

முதல் தடவை நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். மேசையில் இருந்த பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு விலை அடிக்கப்பட்டு, கீழே சிவப்பில் இன்னொரு விலை. கூடவே அடுத்த பயணத்தில் கப்பலுக்குள் செலவழிக்க 150 டாலர் கிரெடிட். பத்து நிமிடத்தில் நான்கு பேருக்கும் பதிவு முடிந்தது. வீட்டுக்கு வந்து பள்ளி காலண்டரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வசந்த கால விடுமுறை அதற்கு முந்தைய வாரம். தேதியை மாற்றலாம் என்றால், நான் எடுத்திருந்தது முன்பணம் திரும்பாத வகை. மாற்ற ஆளுக்கு 100 டாலர், நால்வருக்கு 400. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். "கத்திரிக்காய் வாங்கவே வீட்டுக்கு போன் பண்ணிக் கேக்குற ஆளு நீங்க" என்றாள் மனைவி. பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அந்த மேசையில் விற்பது உண்மையில் இரண்டு வேறு சரக்குகள். வரிசையில் நிற்கும் பலருக்கு இது தெரிவதில்லை. ஒன்று, கப்பல், தேதி, அறை எல்லாவற்றையும் அங்கேயே முடிவு செய்து பதிவது. இன்னொன்று, எங்கே, எப்போது என்று எதுவும் சொல்லாமல் ஒரு சிறு தொகையை மட்டும் கட்டி, சலுகைக்கான உரிமையை வாங்கி வைப்பது. மூன்றாவது வழி, ஒன்றும் வாங்காமல் வீடு திரும்பி, டிராவல் ஏஜென்ட் மூலமோ இணையத்திலோ நிதானமாகப் பார்ப்பது.

இரண்டாவது சரக்கிலிருந்து தொடங்குகிறேன், எனக்குப் பிடித்தது அதுதான். பிரின்சஸ் என்ற க்ரூஸ் கம்பெனியில் ஆளுக்கு 100 டாலர் கட்டினால் போதும், பயன்படுத்த இரண்டு வருடம் அவகாசம். ஹாலண்ட் அமெரிக்கா என்ற இன்னொரு கம்பெனியிலும் அதே 100, அங்கே அவகாசம் நான்கு வருடம். பயன்படுத்தாவிட்டால் பணம் திரும்பி வரும். பிறகு எந்தப் பயணத்தைப் பதிந்தாலும் இதுவே முன்பணமாகக் கழிக்கப்படும், பயண நாட்களைப் பொறுத்துக் கப்பலுக்குள் செலவழிக்கக் கொஞ்சம் ஆன்போர்டு கிரெடிட்டும் சேரும். கிரெடிட் பெரிய தொகை ஒன்றும் இல்லை, காபிக்கும் ஒரு வேளை ஸ்பெஷல் டின்னருக்கும் ஆகும். ஆனால் வழக்கமான முன்பணத்துக்குப் பதில் 100 டாலரோடு அறையைப் பிடித்து வைக்க முடிகிறதே, அதுதான் லாபம்.

டிஸ்னியின் க்ரூஸ் கப்பல்களில் கதை வேறு. அங்கே ஆளுக்கு இல்லை, அறைக்கு 250 டாலர். பிளேஸ்ஹோல்டர் என்பார்கள். கிடைப்பது அடுத்த பயணக் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி. ஏழு இரவோ அதற்கு மேலோ போனால், 20 சதவீதம் கட்ட வேண்டிய முன்பணம் 10 சதவீதமாகக் குறையும். மற்ற லைன்களில் (க்ரூஸ் கம்பெனிகளில்) 10 சதவீதம் என்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன், மாதம் இரண்டு முறை 'மெகா சேல்' போடுகிறவர்கள் அவர்கள். டிஸ்னி அப்படித் தள்ளுபடி போடுகிற ஆள் இல்லை. பதிவு திறக்கும் நாளில் இருக்கும் விலைதான் பெரும்பாலும் குறைந்த விலை, அப்புறம் ஏறுமுகம்தான். அதனால் 6,000 டாலர் கட்டணத்தில் 600 மிச்சம் என்பது நிஜமான மிச்சம். வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ் இவற்றில் தள்ளுபடி இல்லை. சில தேதிகளுக்கு இந்தச் சலுகையே செல்லாது. ஆனாலும் மறுபடி டிஸ்னியில் போகப் போவது நிச்சயம் என்றால், 250 கட்டாமல் இறங்குவது நஷ்டம். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் நிச்சயம் போவீர்கள், அதை உங்களிடம் யாரும் கேட்கக்கூட மாட்டார்கள்.

நார்வீஜியன் லைன் அடுத்த பயணத்துக்காக விற்கும் க்ரூஸ்நெக்ஸ்ட் சான்றிதழும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் வாங்கினால் பணம் திரும்பாது. வருடா வருடம் அந்த லைனிலேயே போகிறவருக்குச் சரி. எனக்கு வேண்டாம்.

தேதியோடு பதிவது எப்போது சரி? ராயல் கரீபியன் லைனின் பதிவு மேசையில் (நெக்ஸ்ட்க்ரூஸ் என்று பெயர்) நடப்பது பெரும்பாலும் இதுதான். எத்தனை நாள் பயணம், எந்த வகை அறை என்பதைப் பொறுத்து கிரெடிட் தருவார்கள். ஜன்னல் இல்லாத உள் அறைக்குக் குறைவு, 'சூட்' எனும் பெரிய சொகுசு அறைக்கு அதிகம். இங்கே கிரெடிட்டை விட முக்கியமான காரணம் அறைதான். நான்கு பேர் ஒன்றாகப் படுக்கும் பால்கனி அறையோ, நடுவில் கதவு வைத்த ஜோடி அறைகளோ ஒரு கப்பலில் கொஞ்சம்தான் இருக்கும். பள்ளி விடுமுறை வாரங்களில் அவை முதலில் தீர்ந்துவிடும். தாத்தா பாட்டியோடு கிளம்புகிற குடும்பத்துக்கு முன்கூட்டியே பதிவதில் அர்த்தம் இருக்கிறது, கப்பலிலேயே பதிந்தாலும் தப்பில்லை. பள்ளி காலண்டரை மட்டும் போனில் இறக்கி வைத்துக்கொண்டு போங்கள். அப்புறம் மேசையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை, "இது முன்பணம் திரும்பும் கட்டணமா, திரும்பாத கட்டணமா?" என்பதுதான். திரையில் முதலில் வருவது விலை குறைந்த வகை, அதாவது பெரும்பாலும் திரும்பாத வகை. திரையில் தெரியும் எண் ஒருவருக்கான விலை, அதுவும் அறையில் இருவர் என்ற கணக்கில். டிப்ஸ் மட்டுமே பெரிய லைன்களில் நாளொன்றுக்கு ஆளுக்கு 16 டாலருக்குக் குறையாது. நான்கு பேர், ஏழு நாள் என்று பெருக்கிப் பாருங்கள், 450 டாலரைத் தொடும். 150 டாலர் கிரெடிட் அதில் எந்த மூலைக்கு?

வீட்டுக்கு வந்து பார்ப்பதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. க்ரூஸ் கம்பெனி ஏஜென்டுக்குக் கமிஷன் தருகிறது, நல்ல ஏஜென்ட் அதில் ஒரு பங்கை உங்களுக்கே கிரெடிட்டாகத் திருப்புவார். காஸ்ட்கோ கடையின் பயணப் பிரிவான காஸ்ட்கோ டிராவலில் பதிந்தால், அந்தக் கடையில் செலவழிக்க டிஜிட்டல் ஷாப் கார்டு வரும். பாஸ்மதி மூட்டைக்கும் பாதாமுக்கும் ஆகிற காசு அது. கப்பலில் கிடைக்கும் கிரெடிட்டை விட எனக்கு அது ருசி.

இரண்டையும் சேர்த்துப் பெற ஒரு வழி உண்டு. கப்பலில் பதியும்போதே உங்கள் ஏஜென்டின் பெயரைச் சொல்லி, பதிவை அவர் கணக்கில் சேர்க்கச் சொல்லலாம். கப்பல் சலுகையும் நிற்கும், ஏஜென்டின் பங்கும் வரும். சொல்ல மறந்துவிட்டால் பிறகு மாற்றுவதற்குக் கெடு உண்டு, முழுப் பணமும் கட்டிவிட்டால் பொதுவாக மாற்ற முடியாது. அமெரிக்காவில் பதிகிறவர்களுக்கு இன்னொரு வசதி: கடைசித் தவணைக்கு முன்பு, அதாவது ஏறத்தாழ மூன்று மாதம் இருக்கும்வரை, அதே வகை அறையின் விலை இறங்கினால் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். புது விலையைத் தரும்போது பழைய கிரெடிட்டை எடுத்துவிடுவார்களா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அலாஸ்காவை எடுத்துக்கொள்வோம். சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல்களுக்கும் கனடா விசா தேவைப்படும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும் என்பது 1886-ஆம் வருட அமெரிக்கச் சட்டத்தால் வந்த நிலை. அதனால்தான் அவை பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலைப் பொழுது நிற்கின்றன. அமெரிக்க கிரீன் கார்டு இருந்தால் கனடா விசா வேண்டாம். எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்கும், ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கும் வேண்டும். விசா கைக்கு வராமல் திரும்பாத முன்பணத்தில் கையெழுத்துப் போடுவது சூதாட்டம்.

போன தடவை பிரின்சஸ் கப்பலில் கடைசி நாள் காலை, பெட்டி கட்டிய பிறகு, அந்த மேசைக்குப் போனேன். தேதி கேட்டார்கள், இல்லை என்றேன். கப்பல் கேட்டார்கள், தெரியாது என்றேன். மனைவி பேரிலும் என் பேரிலும் தலா 100 டாலர், ஐந்து நிமிட வேலை. அம்மாவின் கனடா விசாவுக்கு இப்போதுதான் விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.