பொக்கை வாய், பல்செட், இம்ப்ளான்ட்: வயதானவர்களுக்கு எது?

"எனக்கு எதுக்குடா பல்லு? கெழவி இனிமே கரும்பா கடிக்கப் போறேன்?" சோழவந்தானில் என் அப்பத்தா இப்படியே சொல்லி நாலு வருடம் ஓட்டிவிட்டார். வயது 78. வெற்றிலையைச் சின்ன உரலில் இடித்துப் போட்டுக்கொள்வார். சாப்பாடு என்றால் இட்லி, ரசம் சோறு, பருத்திப்பால். கறியும் சுண்டலும் எப்போது நின்றன என்றே எங்களுக்குத் தெரியாது. கடைசி ஒரு வருடத்தில் 52 கிலோவிலிருந்து 47-க்கு இறங்கிவிட்டார். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. கொல்லையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது. வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டோம்.

அது வெறும் வயசு இல்லை. உடல் நலிவைக் கண்டுபிடிக்க 2001 முதல் ஒரு கணக்கு இருக்கிறது: தானாக எடை குறைவது (வருடத்துக்கு சுமார் நாலரை கிலோ), தீராத அசதி, கைப்பிடியில் பலமின்மை, மெதுவான நடை, நடமாட்டம் சுருங்குவது. இந்த 5-ல் 3 இருந்தால் நலிவு. ஜப்பானில் காஷிவா நகரத்து முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. பல் எண்ணிக்கை, மெல்லும் திறன், நாக்கின் அழுத்தம், விழுங்குவது என்று 6 விஷயம் பார்த்தார்கள். அதில் 3 சரியில்லாதவர்களுக்கு, வாய் நன்றாக இருப்பவர்களைவிட நலிவு வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். இது எதிர்த்திசையிலும் நடக்கும்: கையில் பலம் போனவரால் பல்லைச் சரியாகத் தேய்க்க முடியாது, வாய் இன்னும் கெடும்.

சரி, பல் போனவருக்கு என்ன வழி?

முதல் வழி, அப்படியே விட்டுவிடுவது. செலவில்லை, வலியில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும் என்கிறார்கள். 50 கிலோ ஆளுக்கு 50 கிராம். ஒரு இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். பொக்கை வாய்க்கு இதமான சாப்பாட்டில் பெரும்பாலும் மாவுச்சத்துதான். பக்குவமாகச் சமைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் இந்த வழியைச் சொல்வேன்.

இரண்டாவது, முழு பல்செட். இதில்தான் நாங்கள் முதலில் ஏமாந்தோம். மேல் செட் அண்ணத்தில் ஒட்டி நின்றுவிடும். கீழ் செட்டுக்குப் பிடிமானமே குறைவு, நாக்கு வேறு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பல் போன பிறகு தாடை எலும்பும் தேய்ந்துகொண்டே போகும், கீழ்த்தாடை இன்னும் வேகமாக. அப்பத்தாவின் முதல் செட் ஈறில் புண்ணாக்கியது. செய்துகொடுத்த இடத்தில் "பழகிரும் பாட்டி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் அதைக் கைக்குட்டையில் முடிந்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டவர்தான். செட் கொடுத்த பிறகு உறுத்தும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய இரண்டு மூன்று தடவை கூப்பிடும் இடத்தில்தான் பல் கட்ட வேண்டும். விலை கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். நன்றாக அமைந்த செட்டிலும் சொந்தப் பல்லின் கடிபலத்தில் கால்வாசி வந்தாலே அதிகம். இரவில் கழற்றித் தண்ணீரில் போடுவது கட்டாயம்: 85 வயது தாண்டியவர்களிடம் நடந்த ஜப்பான் ஆய்வு ஒன்றில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

மூன்றாவது, கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் (எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் திருகு) வைத்து, பிரஸ் பட்டன் மாதிரி அதில் செட்டைப் பொருத்துவது. என் மனசுக்கு இதுதான் பிடித்தது. கீழ்ப் பல் முழுவதும் போனவருக்குக் குறைந்தபட்சம் இதையாவது தர வேண்டும் என்று 2002-லேயே மான்ட்ரியலில் கூடிய நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். செட் ஆடாது, மென்று சாப்பிடலாம். ஆனால் செலவு பல மடங்கு. டைட்டானியம் எலும்போடு பிடிக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றாலோ புகையிலை விடவில்லை என்றாலோ நம்பி இறங்க முடியாது. வாய் முழுக்க நிலையான பல் என்று நாலாவது ஒன்றும் உண்டு. அது காசும் உடம்பும் ஒத்துழைப்பவர்களுக்கு.

அப்பத்தாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, வெற்றிலையோடு புகையிலையும் போகிறது. அதனால் புதிதாக ஒரு பல்செட்டுக்கே போனோம். மதுரையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் கட்டணம் குறைவு, பஸ் ஏற வேண்டிய தடவைதான் அதிகம். பரவாயில்லை என்று அலைந்தோம். 62 வயதான என் சித்தப்பாவுக்கு இதே நிலை வந்தால் மூன்றாவது வழியைத்தான் சொல்வேன். அவருக்கு இன்னும் 11 பல் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவது இந்த எல்லா வழியையும்விட மேல்.

அப்புறம், செட் வந்ததும் சாப்பாடு தானாக மாறிவிடாது. ஒரு மாதம் போயும் அப்பத்தா ரசம் சோற்றிலேயே இருந்தார். பிறகுதான் மாற்றினோம்: தினம் இரண்டு அவித்த முட்டை, அது மட்டும் 12 கிராம் புரதம். வாரம் ஒரு தடவை அயிரை மீன் குழம்பு. புகையிலையை விடவில்லை, பாதியாகக் குறைத்திருக்கிறார். சாயங்காலம் வெற்றிலை உரலைக் கழுவி, வேகவைத்த கொண்டைக்கடலையை அதில் ஒன்றிரண்டாக இடித்து மெல்கிறார். போன மாதம் எடை போட்டோம். 49.