கேஸை வைத்துப் பணம் தருகிறோம் என்பவர்களிடம் கையெழுத்துப் போடும் முன்

அட்லாண்டா பக்கம் இருப்பவர்கள், குறிப்பாக கார் விபத்தில் அடிபட்டு கேஸ் நடத்திக்கொண்டிருப்பவர்கள், இதைத் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். நேற்று ஒரு நண்பர் போன் செய்து, "கேஸை வச்சு மூவாயிரம் டாலர் தர்றாங்களாம், தோத்துட்டா திருப்பித் தர வேண்டாமாம், வாங்கலாமா?" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே வார்த்தையை நம்பித்தான் நானும் வாங்கினேன்.

2022 ஆகஸ்டில் 285 நெடுஞ்சாலையில் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்த என் காரைப் பின்னாலிருந்து ஒருவர் இடித்தார். கழுத்திலும் தோளிலும் அடி. நான் மணிக்கணக்குச் சம்பளக்காரன், வேலைக்குப் போகாத நாளுக்குக் காசு கிடையாது. நவம்பரில் வாடகைக்கே திண்டாட்டம். வக்கீலிடம் கேட்டுப் பார்த்தேன், கட்சிக்காரரின் வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுக்க வக்கீல்களின் தொழில் விதி இடம் தராது என்றார். அது உண்மைதான். அந்த நெருக்கடி தெரிந்துதான் இந்த ப்ரீ-செட்டில்மென்ட் ஃபண்டிங் ஆட்கள், அதாவது கேஸ் முடியும் முன்பே வரப்போகும் நஷ்டஈட்டை நம்பிப் பணம் தருபவர்கள், வருகிறார்கள்.

பிசியோதெரபிக்குக் காத்திருந்த நேரத்தில், போனில் வந்த ஒப்பந்தத்தை விரலால் தள்ளித் தள்ளிக் கையெழுத்துப் போட்டேன். கைக்கு வந்தது 2,500 டாலர். அதோடு அவர்களுடைய கட்டணம் 300-ஐயும் சேர்த்து அசல் 2,800 என்று எழுதியிருந்தார்கள். மாதம் 3.5 சதவீதம், அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி. வருடக் கணக்கில் பார்த்தால் 51 சதவீதம் வருகிறது. எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற அட்டவணை ஒன்பதாவது பக்கத்தில் இருந்தது, போன் திரையில் அதன் வலது பக்கக் கட்டங்கள் தெரியவே இல்லை. முப்பதாவது மாதத்துக்கு நேரே இருந்த தொகையை நான் பார்த்தது 2025 மே மாதம்தான்: 7,859 டாலர்.

செட்டில்மென்ட், அதாவது சமரசத்தில் கிடைத்த நஷ்டஈடு, 27,000. வக்கீலுக்கு மூன்றில் ஒரு பங்கு, 9,000. கேஸ் செலவு 1,900. மருத்துவமனை பாக்கி 6,400. மிச்சம் 9,700, அதில் இவர்களுக்கு 7,859 போனால் இரண்டரை வருடம் வலியோடு அலைந்த எனக்கு 1,841 டாலர்.

வட்டி இவ்வளவு போடலாமா, சட்டம் இல்லையா என்று அப்புறம்தான் தேடினேன். இங்கேதான் விஷயம் இருக்கிறது. தோற்றால் தர வேண்டாம் என்று நமக்கு ஆசை காட்டுகிறார்களே, அதே வரிதான் அவர்களைக் காப்பாற்றுகிறது. ஜெயித்தால் மட்டும் திருப்பித் தரும் பணம் கடனே ஆகாது, ஆகவே சிறு கடன்களுக்கென்று மாநிலத்தில் இருக்கும் இரண்டு சட்டங்களும் இதற்குப் பொருந்தாது என்று அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. கொலராடோவின் உச்ச நீதிமன்றம் 2015-ல் இதற்கு நேர்மாறாக, இதுவும் கடன்தான், கடன் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்றது. ஆர்கன்சாவில் வருடத்துக்கு 17 சதவீதம்தான் உச்சம், மேற்கு வர்ஜீனியாவில் 18. நெவாடாவில் 40 வரை போகலாம். 17 சதவீதம் என்றால் என் 2,500-க்கு இரண்டரை வருட வட்டி கிட்டத்தட்ட 1,060 டாலர், தனி வட்டியாகப் போட்டால். எந்த மாநிலத்தில் கார் இடிபட்டது என்பதை வைத்தா ஒருவன் குடும்பம் பிழைக்க வேண்டும்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜார்ஜியாவிலும் 2025 ஏப்ரலில் ஒரு சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார், 2026 ஜனவரி 1 முதல் அமல். கேஸுக்குப் பணம் போடும் நிறுவனங்கள் மாநிலத்தின் வங்கி, நிதித் துறையில் பதிவு செய்ய வேண்டும். நல்லதுதான். ஆனால் வருடத்துக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் கூடாது என்று அதில் இல்லை, அதனால் பதிவு பெற்ற நிறுவனம் என்று யாராவது சொன்னால் வட்டி நியாயமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நண்பருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஒப்பந்தத்தை பிரிண்ட் எடுத்து, முதலில் அந்த அட்டவணையைப் பாருங்கள், கேஸ் மூன்று வருடம் இழுத்தால் எவ்வளவு என்று. "மாதம் மூணரைதான்" என்று போனில் சொல்பவரிடம், வட்டி அசலோடு சேருமா, எப்போது சேரும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்றும் பாருங்கள். மருத்துவமனை பாக்கிக்கும் வாடகைக்கும் தவணை கேட்க முடியுமா என்று முதலில் முயற்சி செய்யுங்கள், நான் வீட்டுக்காரரிடம் கேட்கவே இல்லை, கூச்சம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், செட்டில்மென்ட் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வக்கீலை விட்டு அவர்களிடம் குறைக்கச் சொல்லுங்கள். என் வக்கீல் இரண்டு முறை பேசினார், 7,859 என்றவர்கள் 6,500-க்கு ஒத்துக்கொண்டார்கள். நான் கேட்டிராவிட்டால் அதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.