பிளாக் அளவு சரியாக வர: தையலைத் திருத்துவதா, பெரிதாக வெட்டி நறுக்குவதா?

3½ இன்ச் சதுரங்களை வரிசைக்கு நான்காக இணைத்தால் குவில்ட் பிளாக் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வையின் ஒரு கட்டம்) 12½ இன்ச் வர வேண்டும். அளந்தால் ஒன்றரை நூல் குறைகிறது (ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு). வெட்டியதில் பிழை இல்லை. ஒவ்வொரு தையலும் அரை நூல் கூடுதலாகத் தின்றிருக்கிறது. ஆறு பிளாக்கைச் சேர்க்கும்போது ஒரு இன்ச்சுக்கு மேல் போயிருக்கும்.

முதல் வழி, தையலையே திருத்துவது. தையலுக்கு விடுவது கால் இன்ச், அதாவது இரண்டு நூல். ஆனால் இஸ்திரி போட்டு மடிக்கும்போது அந்த மடிப்பும் கொஞ்சம் துணியை எடுத்துக்கொள்ளும். அதனால் கால் இன்ச்சுக்கு ஓர் இழை குறைவாக விட்டுத்தான் தைக்க வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் கால் இன்ச் ஃபுட்டை மெஷினில் மாட்டினால் மட்டும் இது வந்துவிடாது. ஊசி விழும் இடம் மெஷினுக்கு மெஷின் மாறும். 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, நீளவாக்கில் இணைத்து, இஸ்திரி போட்டு நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் ஊசியைத் துணியின் ஓரம் பக்கமாக நகர்த்துங்கள். நகராத மெஷின் என்றால் மெஷின் மேல் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதை ஊசிக்கு நெருக்கமாக்குங்கள்.

இரண்டாவது வழி, பெரிதாக வெட்டித் தைத்து, பிறகு நறுக்குவது. இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரத்துக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். தைத்து முடிந்து 3 இன்ச் வர, கணக்குப்படி 4 இன்ச்சுக்கு ஒரு நூல் குறைத்துச் சதுரம் வெட்ட வேண்டும். நான் முழுதாக 4 இன்ச்சே வெட்டுவேன். மூலைவாட்டில் துணி இழுபடும், எவ்வளவு கவனித்தாலும் கொஞ்சம் கோணும். ஸ்கேலின் 45 டிகிரிக் கோட்டைத் தையல் மேல் வைத்து 3½ இன்ச்சுக்கு (தையலுக்கு விடும் அரை இன்ச்சும் சேர்த்து) நறுக்கினால் அந்தக் கோணல் போய்விடும். துணியும் நேரமும் செலவாகும், சரி. ஆனால் முழு பிளாக்கையும் தைத்து முடித்தபின் ஓரத்தை நறுக்காதீர்கள்: நட்சத்திர வடிவ பிளாக் என்றால், அதன் முனைக்கு வெளியே விட்ட கால் இன்ச் குறைந்துவிடும், அடுத்த தையலில் முனையே மறைந்துவிடும்.

காகிதத்தின் மேல் தைப்பது இரண்டையும் விடத் துல்லியம். ஆனால் காகிதத்தைக் கிழித்தெடுக்கும் வேலை பெரிது. ஊசிமுனை வடிவங்களுக்கு மட்டும் போதும்.

சதுரமும் பட்டையும் தைக்க முதல் வழியே போதும் என்பேன். தைக்கும் நூலின் தடிமனை மாற்றினால் மட்டும் அந்த மூன்று பட்டைகளை மறுபடி தைத்து அளந்துவிடுங்கள்.