தும்புத்தூள், உமிக்கரியில நாத்து போட்டு நாலு வருசம்

நுவரெலியா கந்தப்பளை பக்கம் சின்னத் துண்டு காணியில கோவாவும் (முட்டைக்கோஸ்) லீக்ஸும் போடுறோம். 2021ல ரசாயன உரத்துக்குத் தடை வந்த வருசம், வெளியில வாங்கின கோவா நாத்தோட வேர் வீங்குற நோயும் சேந்து வந்து ரெண்டு பாத்தி அப்படியே போச்சு. இங்க புளிப்பு மண்ணு, தேயிலைக்கு நல்லது, ஆனா இந்த நோய்க்கும் அதுதான் புடிக்கும், ஒருக்கா மண்ணுல இறங்கிட்டா வருசக்கணக்கா கிடக்கும். அப்பதான் இனி நாத்த நாமளே மண்ணு இல்லாம டிரேயில போடுவோம்னு முடிவு எடுத்தேன்.

முதல் வருசம் வெறும் தும்புத்தூள், அதாவது தேங்காய் மட்டை நார்த்தூள். 5 கிலோ கட்டி ஒண்ணு ஊறினா 70 லீட்டர் அளவுக்கு பொங்கி வரும், பாக்க ஆசையா இருந்துச்சு, அப்படியே விதைய போட்டேன், இலை ஓரமெல்லாம் கருகிருச்சு. தும்புல இருக்குற உப்பு அது. இப்ப ராத்திரி ஊறப்போட்டு காலையில வடிச்சி, மூணு தடவை கழுவாம தொடுறதே இல்ல. கழுவியும் அடுத்த பிரச்சினை வந்துச்சு, ஜூன் ஜூலையில மழையும் மிஸ்டும் விடாம இருக்குறதால தும்பு காயவே மாட்டேங்குது, மேல பச்சையா பாசி கட்டி நாத்து கழுத்தோட அழுகி சாஞ்சிருச்சு. பொலன்னறுவை பக்கம் வெயிலுக்கு வெறும் தும்பு சரியா இருக்கலாம், நமக்கு ஆகாது.

அதுக்கு மருந்து உமிக்கரிதான். ஓட்டை போட்ட தகரத்துக்குள்ள நெருப்பு வச்சி சுத்தி உமிய குவிச்சி, கறுப்பாகுற நேரம் தண்ணி ஊத்தி அணைக்கணும், சாம்பலாக விட்டா வேலைக்கு ஆகாது. இப்ப ரெண்டு பங்கு தும்புக்கு ஒரு பங்கு கரி, மழை மாசத்துல பாதிக்குப் பாதி. தண்ணி நிக்காது, வேரும் வெள்ளையா இறங்குது.

பெக்டரி பக்கம் கிடைக்கிற தேயிலைக் கழிவையும் கலந்து பாத்தேன், சும்மா கிடைக்குதேன்னு. விதை பாதிக்கு மேல முளைக்கல. நல்லா மக்கினது பாத்திக்கு சரி, டிரேக்கு வேணாம்.

இன்னொண்ணு, தும்புலயும் கரியிலயும் சத்து கிடையாது. ரெண்டு இலை விட்டதும் நாத்து மஞ்சளாகும், அல்பர்ட் கரைசல்னு விக்கிற, தண்ணியில கரைக்கிற உரத்தூள லீட்டருக்கு 1 கிராம் போட்டு வாரத்துக்கு ரெண்டு தரம் தெளிக்கிறேன், மக்கின மாட்டெரு கொஞ்சம் சலிச்சி கலந்தாலும் தாங்கும்.

புதுசா வெட்டின பாத்தியில இந்த நாத்து வச்ச கோவாவுக்கு இதுவரை வேர் வீங்கல. பழைய ரெண்டு பாத்திக்கும் மண்ணு புளிப்பு குறைய டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டுக்கிட்டு இருக்கேன், அங்க இன்னும் கோவா வைக்கல, லீக்ஸ்தான்.