பைனஸை வெட்டுவதா, விடுவதா, அதற்குள்ளேயே காடு வளர்ப்பதா?

மலையகத்தில் பைனஸ் என்கிற ஊசியிலை மரம் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டே கட்சிதான். ஒன்று, "தண்ணியெல்லாம் குடிச்சு முடிச்சிட்டுது, வெட்டித் தள்ளுங்க" கட்சி. மற்றது, "அந்த மொட்டை மலையில நிக்கிறதே அது ஒன்றுதான், கை வைக்காதீங்க" கட்சி. நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். சின்ன வயதில் காட்போட் பெட்டியைப் பிய்த்து அதன்மேல் உட்கார்ந்து பைனஸ் சருகில் சறுக்கி விளையாடிய சரிவு அது, அதனால் வெட்டச் சொல்ல மனம் வரவில்லை. கொஞ்சம் விவரம் தெரிந்தபிறகு, அத்தனை வழுக்கலாகச் சருகு குவிந்து கிடப்பதே ஒரு பிரச்சினை என்று புரிந்தது.

முதலில் இது எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். இலங்கையில் நாம் அதிகம் பார்ப்பது கரீபியன் பைனஸ், மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம். நுவரெலியா போன்ற குளிர்ந்த உயரங்களில் மெக்சிக்கோவின் பட்டுலா வகையும் உண்டு. 1970களிலும் 80களிலும் கைவிட்ட தேயிலைக் காணி, பத்தனைப் புல்வெளி, மண் அரித்துப்போன சரிவு என்று வேறெதுவும் சட்டென்று பிடிக்காத இடங்களில் இதை நட்டார்கள். மகாவலி நீர்த்தேக்கங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம், மேலே மண் கரைந்தால் கீழே அணை தூர்ந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். புளித்த, சத்துக்கெட்ட மண்ணிலும் வளரும், மாடு கடிக்காது. அன்றைக்கு நட்டவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நட்டபிறகு என்ன செய்வது என்று யோசிக்காமல் விட்டதுதான் தப்பு.

சரி, இப்போது நம் கையில் உள்ள வழிகள். முதலாவது, இருக்கிறபடியே விட்டுப் பிசின் எடுப்பது. றப்பர் பால் வெட்டுகிற மாதிரித்தான்: பட்டையைச் சுரண்டி, கீறி, அமிலப் பசை தடவி, கீழே ஒரு பொலித்தீன் பையைக் கட்டிவிடுவார்கள். பழைய தேன் மாதிரி மங்கலாக ஒழுகி நிறையும், கையில் பட்டால் சவர்க்காரத்துக்குப் போகாது, மண்ணெண்ணெய்தான் வேண்டும். அதைக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைனும் ரோசினும் கிடைக்கும். பெயின்ட், பசை, கடதாசி என்று பல தொழில்களுக்குப் போகிறது. மரத்தை வெட்டாமலே வருமானம், சரிவும் அப்படியே இருக்கும். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் ஒரே மரத்தில் சுற்றிச் சுற்றிக் கீறினால் மரம் நலிந்து காற்றில் முறியும், பிசின் காய்ந்த காயம் தீ வந்தால் திரி மாதிரிப் பற்றிக்கொள்ளும். இதற்கெல்லாம் மேலே, பிசின்தான் வருமானம் என்றானபிறகு கீழே வேறு மரம் முளைப்பதில் யாருக்கும் அக்கறை இருக்காது. பையை எடுக்க நடக்கிற பாதையில் கன்று நின்றால் கத்திக்கு வேலை, அவ்வளவுதான்.

இரண்டாவது, மொத்தமாக வெட்டுவது. ஒரேயடியாகப் பணம் கிடைக்கும். ஆனால் பைனஸ் பலகை சும்மா கிடக்கிற பலகை இல்லை. வெட்டியதும் அறுத்துக் காயவைக்காவிட்டால் நீலம் பூத்துவிடும், மருந்து ஏற்றாவிட்டால் கறையான் விடாது. செங்குத்துச் சரிவில் தடியை இழுத்து இறக்கினால், எந்த மண்ணைக் காக்க நட்டோமோ அதே மண்தான் முதல் மழையில் ஆற்றுக்குப் போகும். யூக்கலிப்டஸ் என்றாலாவது அடிக்கட்டை துளிர்க்கும். வளர்ந்த பைனஸை வெட்டினால் துளிரை நம்பி இருக்க முடியாது, திரும்ப நடத்தான் வேண்டும்.

வெட்டச் சொல்பவர்களின் பெரிய வாதம் தண்ணீர். இதில் ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேலி செய்பவர்கள் தென்னாபிரிக்காவின் மோகொபுலான் சோதனையைப் பார்க்க வேண்டும். அங்கே புல்வெளியாக இருந்த சிறு நீரேந்து பகுதிகளில் ஒன்றில் யூக்கலிப்டஸ், இன்னொன்றில் நம் நுவரெலியாவில் நிற்கிற அதே பட்டுலா பைனஸ் நட்டு ஓடையை வருடக்கணக்கில் அளந்தார்கள். யூக்கலிப்டஸ் பக்கத்து ஓடை 9ஆவது வருடம் வற்றியது, பைனஸ் பக்கம் 12ஆவது வருடம். ஆக, குடிப்பது உண்மை. ஆனால் அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: யூக்கலிப்டஸை 16ஆவது வருடம் மொத்தமாக வெட்டியபிறகும் ஓடை பழையபடி ஓட ஐந்து வருடம் பிடித்தது. வெட்டிய கையோடு ஊற்று திறக்கும் என்று வாக்குக் கொடுப்பவர்களை நம்பாதீர்கள். அப்புறம், அது புல்வெளியோடு ஒப்பிட்ட கணக்கு. அடர்காடு இருந்த இடத்தில் பைனஸ் நிற்கிறது என்றால் கணக்கு மாறும், காடும் நிறையத் தண்ணீர் குடிக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, ஆனால் பொறுமை கேட்பது. சிங்கராஜ வனத்தின் விளிம்பில் 70களின் கடைசியில் நட்ட பைனஸுக்குள் 1990களின் தொடக்கத்தில் ஒரு சோதனை தொடங்கினார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆஷ்டனும் பேராதனையின் சாவித்ரி, நிமல் குணதிலக்கவும் சேர்ந்து செய்தது. மொத்தமாக வெட்டாமல் வரிசை வரிசையாக மட்டும் எடுத்து, அந்த இடைவெளியில் ஹொர, நாகமரம், துன் போன்ற இந்த மண்ணின் சொந்த மரங்களை நட்டார்கள். மூன்று வரிசை எடுத்த இடத்தில்தான் கன்றுகள் நன்றாக எழும்பின. ஒன்றும் எடுக்காத நிழலில் வளர்ச்சி மிக மந்தம். மொட்டை வெயிலில் தவிக்கிற கன்றுக்குப் பைனஸ் நிழல் பிள்ளை பெற்ற வீட்டு மூதாட்டி மாதிரி, இருந்தால் நல்லது, ஆனால் எல்லா வெளிச்சத்தையும் அவளே மறைத்துக்கொண்டு நின்றால் பிள்ளை வளராது. எடுத்த வரிசைகளின் பலகை செலவில் ஒரு பகுதியைத் தூக்கும். மிச்ச மரங்களில் அளவாகப் பிசின் எடுக்கலாம். நடுகிற மரங்களோடு பாணி தருகிற கித்துள் பனையும் ஏலமும் சேர்த்தால் பக்கத்து ஊருக்கும் ஒரு பிடிப்பு வரும். பாணி காய்ச்சுகிறவர் தன் கித்துளைத் தீயில் விட மாட்டார்.

ஆனால் சிங்கராஜ ஈர மண்டலம், பக்கத்திலேயே காடு இருக்கிறது, விதை கொண்டுவரப் பறவைக்குத் தூரமில்லை. அதை அப்படியே ஊவாப் பக்கத்து வரண்ட பத்தனையில் போட்டால் கன்று காய்ந்தே சாகும். பத்தனையாக இருந்த இடத்தில் என் விருப்பம் வேறு: ஓடையின் இரு கரையிலும் பைனஸை முற்றாக எடுத்துவிட்டு, மற்ற இடத்தில் ஐதாக்கி, புல்லைத் திரும்ப வரவிடுவது. செங்குத்தான இடத்தில், கீழே தோட்டக் குடியிருப்பான லயமோ ரோட்டோ இருந்தால், கை வைக்காமல் பிசினோடு விட்டுவிடலாம், கீறலுக்குக் கண்டிப்பான வரம்பு வைத்து. காட்டின் விளிம்பில் என்றால் மூன்று வரிசை முறை. ஒரே மலையில் இந்த மூன்றும் தேவைப்படலாம். தீவு முழுவதற்கும் ஒரே சுற்றறிக்கை என்பதுதான் எனக்கு ஒவ்வாதது.

எந்த வழியானாலும் தீ குறுக்கே வரும். வளர்ந்த பைனஸுக்குத் தடித்த பட்டை, தரைத்தீ அதை அனேகமாகக் கொல்லாது. கொல்வது கீழே முளைக்கிற மற்றதையெல்லாம். சருகு மக்காமல் குவிகிறது, வரட்சியில் யாரோ கொளுத்துகிறார்கள், கன்று சாகிறது, பைனஸ் மட்டும் தனியாக நிற்கிறது, பிறகு "பைனஸுக்குக் கீழே ஒன்றும் முளைக்காது" என்று நாம் சொல்கிறோம். எரிந்து சருகு மெத்தையும் போனால் அடுத்த மழைக்கு வெறும் மண். தீத்தடுப்புக் கோடு வெட்ட ஆளும் காசும் ஒதுக்காத எந்தத் திட்டத்தையும், அது எந்தக் கட்சியின் திட்டமானாலும், நான் படிப்பதேயில்லை.

நான் சறுக்கி விளையாடிய சரிவுக்குப் போன வருடம் போனேன். மரநாய் எச்சத்தில் முளைத்ததாக இருக்கும், பைனஸ் அடியில் மூன்று கித்துள் கன்றுகள், முழங்கால் உயரம். இந்த ஓகஸ்டில் திரும்பப் போனபோது இரண்டு கரிக்குச்சிகள் மட்டும் நின்றன, மூன்றாவது இருந்த இடமே தெரியவில்லை. மேலே பைனஸ் இடுப்பளவுக்குக் கறுத்திருந்தது, உச்சி பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது.